மாமன் கண்ணில் இல்லாத சிவப்பு

என் மகன் முரளிக்கு, வடமாலபேட்டையிலிருந்து மாமன் எழுதுவது. மகன் என்று எழுதியதைப் பார்த்தால் உன் அம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். உன் நைனா போனபோது உனக்கு நாலு வயது. அன்றிலிருந்து உன்னைத் தோளில் தூக்கியவன் நான், பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன் நான், ஐ.டி.ஐ. வாசலில் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் நின்று உனக்கு டீசல் மெக்கானிக் சீட்டு வாங்கியவன் நான். மூன்று நாள் இல்லை, ஒரு காலைப்பொழுதுதான். நடுவில் இட்லியும் சாப்பிட்டேன். பார்த்தாயா, எழுதும்போதுகூடக் கை தானாகக் கூட்டிப் போடுகிறது. இதற்காகத்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். போனில் என் வாய்க்குப் பிரேக் கிடையாது. பேனா மெதுவாகப் போகிறது, பொய் வரும்போது கண்ணுக்குத் தெரிகிறது. நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடு. புதன்கிழமை உனக்கு ரயில்வே மெடிக்கல். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை நான் நாற்பது வருஷமாக மறைத்து வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பரீட்சையெல்லாம் நீ பாஸ் செய்தாய், மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. அதற்குள் நான் புத்தூரில் பிளெக்ஸ் அடித்து, நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் பத்தடி உயரத்தில் கட்டிவிட்டேன். வேலை கையில் வருவதற்கு முன்பு பேனர் எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். என் மாப்பிள்ளை ரயில் ஓட்டப்போகிற செய்தியை மெட்ராஸ் போகிற பஸ்ஸெல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். நீ ரேணிகுண்டாவிலிருந்து வந்து இறங்கினாய். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னாண்ணா இது, பச்ச மேல செகப்புல எழுதி வெச்சிருக்க? கண்ணு கூசுது" என்றாள் உன் அம்மா.

நீ என் பக்கத்தில் நின்று இடமும் வலமுமாகப் பார்த்தாய். "ரயில் போட்டுக்கிற, எம் போட்டோ போட்டுக்கிற, அடியில உம் பேரு வெள்ளையா போட்டுக்கிற. எம் பேரு எங்க மாமா?"

"ஆன சைஸுக்கு எழுதிக்கினு கீது, எங்கன்னு கேக்குறான் பாரு" என்று உன் அம்மா சிரித்தாள். "இவங்கிட்ட ரயில குடுத்தா உருப்பட்ட மாதிரிதான்."

டீக்கடைக்காரரும் சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் மட்டும் சிரிக்கவில்லை. நீ வேண்டுமென்றே கேட்டாயா, நிஜமாகவே கேட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. நீ என் கையில் வளர்ந்தவன், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் கிண்டல் செய்வாய். ஆனால் முரளி, அந்த இடத்தில் எனக்கும் எந்தப் பெயரும் தெரியவில்லை. பிளெக்ஸ் கடைக்காரர் ஒரு வரியை விட்டுவிட்டார் என்று காலையிலிருந்து மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா 'செகப்பு' என்று சொன்ன பிறகுதான் அங்கே எழுத்து இருப்பதே எனக்குத் தெரிந்தது. அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் திரும்பி வரவில்லை.

நான் குண்டக்கல் வேலையை உதறிவிட்டு வந்த கதை உனக்கு மனப்பாடம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் சொல்வேன். ரயில்வேயில் கலாசி வேலைக்கு எடுத்தார்கள், மெடிக்கலில் பெரிய ஆபீசர் என் மார்பைத் தட்டி 'ஆஞ்சநேயர்டா நீ' என்றார், குண்டக்கல்லில் போஸ்டிங் போட்டார்கள், அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஆர்டரை அவர் மேஜையிலேயே கிழித்துப் போட்டேன். இதுதானே கதை? நடந்தது இது. ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு டாக்டர். அவர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வண்ண வண்ணப் புள்ளிகள். "இதில் என்ன நம்பர் தெரிகிறது?" என்றார். முதல் பக்கத்தில் தெரிந்தது, சொன்னேன். அடுத்த பக்கத்தில், "நம்பர் இல்லீங்க, புள்ளிதான்" என்றேன். ஏதோ ஏமாற்று வேலை, மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன். அவர் நாலைந்து பக்கம் திருப்பினார், ஒரு வரி எழுதினார், போகச் சொன்னார். யாரும் மார்பைத் தட்டவில்லை, எந்த ஆர்டரும் கிழியவில்லை. ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் மத்தியானம்வரை உட்கார்ந்து குண்டக்கல் கதையைத் தைத்து முடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அம்மா என் தலையைத் தடவி, "எனக்காவ வேலைய வுட்டுட்டியேடா" என்று அழுதார். சாகிறவரை வாசலில் வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியை எப்படிப் பிடுங்குவது? விட்டுவிட்டேன்.

பிறகு திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜில் லேப் அட்டெண்டர் ஆனேன். பத்தாவதில் கணக்கில் தோற்றுப் போனவனுக்கு அது ராஜ உத்தியோகம். இன்றைக்குச் சித்தூர் பக்கம் கத்தி பிடிக்கிற டாக்டர்களில் பாதிப் பேருக்கு, மெழுகுத் தட்டில் முதல் தவளையைக் குண்டூசி குத்தி வைத்துக் கொடுத்தவன் நான்தான். சரி, பாதி வேண்டாம், ஒரு பத்துப் பேர். சேர்ந்து ஒரு மாசம் இருக்கும், அலமாரியைத் துடைக்கும்போது அதே புள்ளிப் புத்தகம் என் கையில் வந்தது. அந்த வருஷமே இன்டர் இரண்டாம் வருஷ வகுப்பில் ஜுவாலஜி மேடம் பரம்பரைப் பாடம் எடுத்தபோது, மைக்ராஸ்கோப்புகளைத் துடைக்கிற சாக்கில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்தன்று மட்டும் எனக்கு அங்கே துடைக்க வேலை இருக்கும். முப்பது தடவைக்கு மேல் கேட்டவன் சொல்கிறேன், கவனமாகக் கேள்.

நம் உடம்பு செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு உட்கரு, அதற்குள் நாற்பத்தாறு குரோமோசோம், ஜோடி ஜோடியாக இருபத்துமூன்று. ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. கடைசி ஜோடிதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். கண்ணுக்குள்ளே பின்பக்கத் திரையில் நிறம் பார்க்கிற செல்கள் மூன்று வகை இருக்கின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கிற வகைகளுக்கான குறிப்பு அந்த எக்ஸில்தான் எழுதியிருக்கிறது. ஒய் சின்னது, அதில் அந்தக் குறிப்பு கிடையாது. லாரியை நினைத்துக்கொள். பெண்ணின் வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறது. ஒரு எக்ஸில் குறிப்பு பழுதாக இருந்தாலும் மற்றது ஓட்டிவிடும். அவளுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியவே தெரியாது, பழுதைச் சுமந்துகொண்டே நன்றாக இருப்பாள். ஆணுக்கு ஸ்டெப்னி கிடையாது. பழுதான எக்ஸ் வந்தால் வந்ததுதான்.

எனக்கு வந்தது. எக்ஸ் எனக்கு அம்மாவிடமிருந்துதான் வரமுடியும். அப்பாவிடமிருந்து வந்தது ஒய். அப்படியானால் அம்மா சுமந்தவர். அம்மாவின் இரண்டு எக்ஸில் எது உன் அம்மாவுக்கு வந்தது? நல்லதாக இருக்கலாம், பழுதாக இருக்கலாம், பாதிக்குப் பாதி. பழுதே வந்திருந்தாலும் உன் அம்மாவின் இரண்டில் எது உனக்கு வந்தது? மறுபடியும் பாதிக்குப் பாதி. பாதியில் பாதி, நாலில் ஒன்று. கணக்கில் போனவன் போட்ட கணக்குத்தான், ஆனால் இந்த ஒரு கணக்கை நீ பிறந்ததிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். நாலில் மூன்று உன் பக்கம் இருக்கிறது, தெரியும். ஆனாலும் என் மனசு அந்த ஒன்றின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

எனக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதாக நினைத்துவிடாதே. வானம் நீலம்தான், சாமந்தி மஞ்சள்தான். சிவப்பும் பச்சையும் பழுப்பும்தான் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடக்கும். அதைச் சமாளிக்க நான் பிடித்த வித்தைகள் கொஞ்சமா? லேபில் ஸ்லைடுகளை நிறத்தால் அறிந்ததே இல்லை, கண்ணாடி ஓரத்துக் கீறல்களால் அறிவேன். இருட்டில் கொடுத்தாலும் எடுத்துத் தருவேன் என்று பெருமை வேறு. ஒரே ஒரு தடவை மாட்டினேன். பிராக்டிகல் பரீட்சையில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. நீலக் கரைசலைச் சூடாக்கினால் செங்கல் நிறமாக மாற வேண்டும். ஒரு பெண் குழாயைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, மாறிடுச்சா?" என்றாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அருமையா மாறிடுச்சும்மா, எழுது" என்றேன். அது இன்னும் பச்சையில்தான் நின்றிருந்ததாம். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பை உன்னிடம் செய்திருக்கிறேன். என் வித்தைகளையெல்லாம் உனக்குக் கற்றுக்கொடுத்தேன். தக்காளியை அமுக்கிப் பார்த்து எடு என்று சொன்னவன் நான். மாம்பழத்தைக் காம்புப் பக்கம் முகர்ந்து பார் என்றவன் நான். பைக் ஓட்டப் பழக்கும்போது திருப்பதி சிக்னலில், "மேல் விளக்கு எரிஞ்சா நில்லு, கீழ் விளக்கு எரிஞ்சா போ" என்றேன். சிவப்பு, பச்சை என்று என் வாயில் வரவே இல்லை. இன்றைக்கு நீ தக்காளியை அமுக்கிப் பார்க்கிறாய். அது என்னிடம் கற்றதா, உன் கண்ணுக்கே தேவைப்படுகிறதா? என்னால் பிரிக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பில் நீ மரத்தின் இலையெல்லாம் பழுப்பாக வரைந்ததற்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "வெயில் காலத்து மரம் மேடம், இவன் கலைஞன்" என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வந்தேன். அந்த டீச்சர் அன்றைக்கே கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறார். நான் அதை மூடி மெழுகினேன்.

நீயே ஒரு தடவை சொன்னாய், ரோட்டில் சிவப்பு மேலே, ரயில் சிக்னலில் சிவப்பு கீழே என்று. நான் பழக்கிய வித்தையோடு இன்ஜினில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். அதுவும் போகட்டும், கையில் பிடித்து ஆட்டுகிற விளக்குக்கு மேல் ஏது, கீழ் ஏது?

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுத மூன்று நாள் தள்ளிப்போட்டேன், இது நிஜமாகவே மூன்று நாள். பரீட்சைகளுக்கு நடுவில் ரயில்வேயில் உன்னைக் கண் சர்டிபிகேட் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? "நீ எதுக்கு லீவு போட்டுக்கினு அலையணும், நா வாங்கியாறேன்" என்றேன். என் கையில் தவளை வாங்கி வெட்டிய ஒருவர் இப்போது கண் டாக்டர். யார் என்று எழுதமாட்டேன். "எங்க பையனுக்குக் கழுகுக் கண்ணு சார்" என்றேன். உன்னைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கிருக்கும் செல்வாக்கைப் பார் என்று உன்னிடம் அளந்தேன். செல்வாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பார்ப்பது எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கே ஒழுங்காகப் பார்த்திருந்தால் உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு வருஷப் படிப்பும் ஆசையும் சேராமல் இருந்திருக்கும், அல்லது இன்றைக்கு இருவரும் கவலையில்லாமல் இருப்போம். உன் கையிலிருந்த அந்த நேரத்தை நான் பறித்துவிட்டேன்.

பேனரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் இதைவிடக் கேடாக ஒன்று செய்யப் பார்த்தேன். அந்தப் புத்தகம் எனக்குக் கண்ணால் தெரியாது, ஆனால் பிள்ளைகள் சத்தமாகப் படித்துப் படித்துக் காதால் மனப்பாடம். எந்தப் பக்கத்தில் என்ன எண் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். நீ அதை உருப்போட்டுக்கொண்டு போனால் தாண்டிவிடலாம் என்று கணக்கு. உன் அம்மா காபி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா நம்பரு? லாட்டரியா?"

அந்த நேரத்தில் ஒரு கதைகூட எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குண்டக்கல்லையும் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அம்மா அழுதுச்சே, அது?"

"பொய்க்குத்தாம்மா அழுதாங்க."

பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கினாள். "அவன் ஓட்டுற வண்டில மொத ஆளா நான் ஏறி குந்துவேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன். நம்பர உருப்போட்டவன் ஓட்டுற வண்டில நீ குந்துவியாண்ணா?"

"மாட்டேன்" என்றேன். தாளைக் கிழித்து அடுப்பங்கரைக் குப்பையில் போட்டாள். அப்புறம்தான் அவளுக்கு மற்றது உறைத்தது. "எங்கிட்டர்ந்துதான் போயிருக்குமா அவனுக்கு?" என்றாள். ஸ்டெப்னி விஷயத்தைச் சொன்னேன். நீ கொடுத்ததுமில்லை, அம்மா கொடுத்ததுமில்லை, யாரும் பார்த்துப் பொறுக்கிக் கொடுக்கிறதில்லை, விழுந்தது விழுந்ததுதான் என்றேன். "அது எங்கிட்ட கீதா இல்லியான்னே தெரியாது. பயம் மட்டும் முழுசா கீதுண்ணா" என்றாள். முரளி, நீ அவளிடம் பேசும்போது இதை மனசில் வை. முடிவு எப்படி வந்தாலும் அவள் முகம் வாடுகிற மாதிரி ஒரு சொல்கூட உன் வாயில் வரக்கூடாது. கோபம் இருந்தால் என்னிடம் காட்டு. அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

நேற்று காலேஜுக்குப் போய் ஜுவாலஜி மேடத்திடமும் சொன்னேன். "இன்னேள்ளு செப்பலேதா?" என்றார், இத்தனை வருஷமாகச் சொல்லவே இல்லையா என்று. திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு உன்னைக் கூட்டி வரச் சொன்னார். ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்க்கலாம், ஆனால் அது பாடத்துக்கு வைத்திருக்கிற பழைய புத்தகம், அதோடு நிற்காமல் திங்கட்கிழமை ஒரு கண் டாக்டரிடம் முறையாகப் பார்த்துக்கொள்ளச் சொல் என்றார். நான் உள்ளே வரமாட்டேன், நீயும் மேடமும் இருங்கள். எண் தெரிந்தால் சொல். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். ஊகித்துச் சொல்லாதே. உன் அறைச் சிநேகிதர்கள் போனில் அந்தப் பக்கங்களையெல்லாம் விடையோடு காட்டுவார்கள், பார்க்காதே. வாழ்க்கை முழுக்கத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவன் சொல்கிறேன், அது ஒரு நாள் வேலை இல்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் அதையே செய்துகொண்டிருக்க வேண்டும்.

உனக்கு எல்லாம் தெரிகிறது என்றால் என்னைப்போல் சந்தோஷப்படுகிறவன் ஏர்பேட்டிலிருந்து நகரிவரை எவனும் இருக்கமாட்டான். தெரியவில்லை என்றால், இது வியாதி இல்லை, கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, இதோடு நான் அறுபது வயது தாண்டிவிட்டேன். இன்ஜின் ஓட்ட முடியாது, அவ்வளவுதான். உன் கை இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற கை. அதற்கு எந்த வேலையில் இந்தக் கண் போதும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். விசாரிப்போம். பிளெக்ஸை இன்று காலை நானே ஏறி அவிழ்த்தேன். டீக்கடைக்காரர் ஏன் என்று கேட்டார். மெடிக்கல் முடியட்டும் என்றேன். வேறெதுவும் சேர்த்துச் சொல்லவில்லை, வாய் துறுதுறுத்தது.

கடைசியாக ஒன்று. மெடிக்கலுக்குக் கொண்டுபோக வேண்டிய தாளை போன சனிக்கிழமை போனில் எனக்குப் படித்துக் காட்டினாய். நடுவில் ஒரு கேள்வி, 'குடும்பத்தில் யாருக்காவது கண் குறைபாடு உண்டா?' "இல்லன்னு போடுடா, நம்ம வம்சத்துக்கே கழுகுக் கண்ணு" என்றேன். பென்சிலில் எழுதியிருக்கிறேன், பிறகு பேனாவில் எழுதிக்கொள்கிறேன் என்றாய். அந்த 'இல்லை'யை அழித்துவிடு. 'உண்டு, தாய்மாமன்' என்று பேனாவில் எழுது. பக்கத்தில் இடம் இருந்தால் என் பெயரையும் ஊரையும் எழுது. அந்தச் சர்டிபிகேட்டை உன்னை அனுப்பாமல் நானே கேட்டு வாங்கினேன் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், அதையும் எடுத்துக்கொண்டு போ. புதன்கிழமை நானும் உன்னோடு வருகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்த வரியைப் பார்த்து யார் இந்தத் தாய்மாமன் என்று கேட்டால், வெளியேதான் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்று கேள்.

உன் மாமன்